ரேடியேட்டர் மூடி

விளாத்திகுளம் பக்கத்து ஊர்களிலிருந்து கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேனைச் சுடலைக்கண்ணு ஓட்டுகிறார். வேனுக்கும் அவருக்கும் ஒரே அலுப்பு. முதலாளிக்கு வண்டி உருண்டால் போதும். எப்படி உருளுகிறது என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

எட்டயபுரம் தாண்டியதும் தினமும் ரேடியேட்டர் கொதித்து ஆவி தள்ளும். ஒரு கருவேல மரத்தடியில் வேனை நிறுத்துவார். தேய்ந்த மூடி வழியே ஆவி போய்விட்டிருக்கும். துணி சுற்றித் திருகினால் சாதுவாகத் திறக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளம்புவதற்குள் நேரமாகிவிடும். ஆபீஸ் கேட்டை மூடிவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. பெண்கள் அவரைத் திட்டியதில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவருக்கு இருந்தது.

கடைசியில் தன் காசில் புது மூடி வாங்கினார். மாட்டிவிட்ட மெக்கானிக் சக்திகுமார் சொன்னான்: "ஆவிய அடக்கி வச்சாத்தான் உள்ள அழுத்தம் நிக்கும் அண்ணாச்சி. அழுத்தம் நின்னா தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காது. சூட்டோட மட்டும் திறந்துராதிய."

மறுநாள் ஆவியே இல்லை. வேன் பாட்டுக்கு ஓடியது. ஆனால் கருவேல மரம் வந்ததும், இத்தனை வருடப் பழக்கத்தில், அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"எதுக்கு அண்ணாச்சி நிப்பாட்டுதிய?" என்றாள் முன்சீட்டிலிருந்த தங்கமாரி.

"தண்ணி ஊத்த வேண்டாமா?"

இறங்கிப்போய் மூடியைத் திருகினார். அதுவரை கொதிக்காமல் அடங்கிக் கிடந்த தண்ணீர், அழுத்தம் விட்ட நொடியில் கொதித்துப் பீறிட்டது. இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். என்ஜின் கொஞ்சம் ஆறியபின் மீதியை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "மொதல்ல ஒங்கள கேட்டுக்குள்ள விடுதேன்" என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தார். வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். அவர் கிளட்சை மிதித்துச் சொல்லச் சொல்ல, தங்கமாரி கியரைத் தள்ளினாள்.

கேட் மூடப்போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் இறங்கி ஓடினார்கள். தங்கமாரி நின்றுவிட்டாள்.

"ஏட்டி, ஓடு! மூடிருவான்."

"மூடட்டும். இந்தக் கையோட ஒத்தையில எங்க போவிய?"

கேட் மூடியது. யார் கூலியும் போய்விடக் கூடாது என்றுதான் அவர் அந்த மூடியை வாங்கினார். கை வெந்தபோது அழாத மனிதர், அவள் நின்றதைப் பார்த்து அழுதார்.