மூச்சிரைப்பும் முப்பத்தேழாம் நம்பர் காலும்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் மேனேஜரைவிட ஒரு காலுக்குத்தான் மரியாதை அதிகம். அது குர்ஷித்தின் கால். பெண்கள் ஷூவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் முதலில் கேட்கும் மாதிரி முப்பத்தேழாம் நம்பர். குர்ஷித்தின் இரண்டு பாதமும் அந்த அளவுக்குக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. புது மாதிரி தயாரானதும் அவள் போட்டு நடந்து பார்ப்பாள். இங்கே அழுத்துகிறது, அங்கே தளர்கிறது என்பாள். அதைக் கேட்டுப் பேட்டர்ன் வெட்டித் திருத்துவது நான், கெசியா.

குர்ஷித் முன்பு தையல் லைனில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள். காலின் அளவைப் பார்த்துத்தான் இங்கே கூட்டி வந்தார்கள். “வூட்ல இன்னிக்கு என்ன கொழம்புன்னுகூட என்னைக் கேக்க மாட்டாங்கக்கா. இங்க என் காலைக் கேட்டுத்தான் ஷூவே தைக்கிறாங்க” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் காலை அவள் பார்த்துக்கொள்வதுபோல் சிலர் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓடுவதற்கான ஷூவுக்கு ஆர்டர் பேச்சு வந்தது. வந்தது வினை. அதுவரை நடந்து பார்த்தால் போதும். இப்போது ஓடிப் பார்க்க வேண்டும். புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, லாரி நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள் குர்ஷித். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வந்து உட்கார்ந்து லேஸை அவிழ்க்கும்போது இருமல் பிடித்தது. மூச்சு விசில் அடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

லேஸை அவிழ்க்கும்போது வந்ததால் பழி ஷூவின்மேல் விழுந்தது. மேனேஜர் சாந்தகுமார் பசையை மாற்றினார். அப்புறம் உள்தோலை மாற்றினார். மறுபடியும் பசையை மாற்றினார். எங்கள் ஊரில் எது நடந்தாலும் காரணத்தைத் தோலில் தேடுவோம், இல்லாவிட்டால் பசையில் தேடுவோம். இருமல் மட்டும் மாறவில்லை.

கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. “அடுத்த மாசம் ஜெர்மனிக்காரர் நேர்ல வர்றாரும்மா. அவர் முன்னாடி நீ இப்டி இருமினா, ஷூல விஷம் வச்சிருக்கோம்னு நெனப்பாரு. ஷர்மிளா ஓடட்டும். நீ லைனுக்குப் போய்டு” என்றார்.

ஷர்மிளாவுக்கும் அதே நம்பர்தான். ஆனால் எந்த ஷூவைப் போட்டாலும் “சூப்பர் சார்” என்பாள். செங்கல்லைக் கட்டிவிட்டாலும் அதைத்தான் சொல்வாள். குர்ஷித்தின் முகம் செத்துப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் டவுன் பஸ் கிளம்பிவிட்டது. நான் உள்ளே இருந்து கத்த, அவள் ஓடி வந்து ஏறிக்கொண்டாள். பஸ் பஜாரைத் தாண்டுவதற்குள் அதே இருமல், அதே விசில். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். பழைய ரப்பர் செருப்பு. பசையும் இல்லை, லேஸும் இல்லை. அவளும் பார்த்தாள். அந்த மூச்சிரைப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“அக்கா… ஷூ பாவம்க்கா.”

மறுநாளே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மெஷின்மேல் ஓடவிட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். ஓடுவதால் வரும் ஆஸ்துமா என்றார் டாக்டரம்மா. ஓடும்போது காற்றை வேகமாக வாரி இழுக்கிறோம். மூச்சுக்குழாயின் உள்பக்கத்து ஈரம் உலர்கிறது. சிலருக்கு அது பொறுக்காமல் குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கிக்கொள்கிறது. ஓட்டம் நின்ற பிறகே அது உச்சத்துக்குப் போகும் என்று விளக்கினார்.

“தோலு காஞ்சா இழுத்துக்குமே, அந்த மாதிரியா மேடம்?” என்றாள் குர்ஷித்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, நீலத்தில் ஒன்றும் பழுப்பில் ஒன்றுமாக வாயில் வைத்து மருந்தை இழுக்கும் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் குர்ஷித் எனக்குப் பாடம் எடுத்தாள்.

“ஷூ எப்ப டைட்டாகும்க்கா? லேஸை இழுத்துக் கட்டினா ஆகும், கால் வீங்கினாலும் ஆகும். நீலம் லேஸைத் தளத்துறது. ஓடறதுக்குக் கால்மணி முன்னாடியே இழுத்துட்டா, ரெண்டு மூணு மணி நேரம் தசை இறுகாது. பிரவுன் வீக்கத்தைக் கம்மி பண்றது. டெய்லி எடுத்து வாயைக் கொப்பளிச்சுடணும். எடுத்ததும் ஒண்ணும் தெரியாது, வாரக்கணக்கா ஆகும். நீலத்தை மட்டும் நம்பி டெய்லி இழுத்துனே இருந்தா அதோட புடி கொறஞ்சுடும்.”

அவள் புருஷன் அப்துல் சமத்துக்குப் பம்பைப் பார்த்ததும் பயம். பழகிவிடும் என்றார். “டெய்லி செருப்புப் போட்டுனு போறீங்களே, அது பழகிடுச்சுன்னு யாரு பேஜாராகுறாங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஒரே ஒரு தடவை நானே ஓடிக் காட்றேன் சார்” என்று அவள் கேட்டபோது சாந்தகுமார் அரை மனதாகத் தலையாட்டினார். ஜெர்மனிக்காரர் வந்த நாளில் ஷர்மிளாவுக்கும் ஒரு ஜோடியை மாட்டித் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். குர்ஷித் முன்கூட்டியே நீல பம்பை இழுத்துவிட்டு, மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். விரல்கள் லேசாக நடுங்கின. மருந்தால் அப்படி இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்புறம் ஓடினாள். வந்து உட்கார்ந்தாள்.

ரூமில் ஒருவர்கூட அவள் காலைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவள் நெஞ்சின்மேல்தான். சாந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்தேன். இருமல் வரவில்லை. மூச்சு அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சாந்தகுமார் முகமெல்லாம் பல்லாக, “எப்டிம்மா இருக்கு ஷூ?” என்று கேட்டார்.

குர்ஷித் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். “மூச்சு நல்லாருக்கு சார். ஷூதான் சரியில்ல. எடது குதிகால்ல ஒரசுது. இத்தினி நாளு இருமல்ல எனக்கே தெரியாம பூட்ச்சு.”

சாந்தகுமார் மொழிபெயர்க்கவே இல்லை. அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்து அந்த ஜெர்மனிக்காரரே புரிந்துகொண்டார். மண்டியிட்டு உட்கார்ந்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். இந்தக் கால் சரி என்று சொன்ன பிறகுதான் ஆர்டர் தொடங்க வேண்டும் என்றார். ஷர்மிளா சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றினாள்.

“அந்த நீல பம்பை எனக்கு ஒரு இழுப்பு குடுக்கச் சொல்லு கெசியா” என்று சாந்தகுமார் என் காதில் முனகினார்.

குர்ஷித் அதற்குள் வலது காலையும் முன்னால் நீட்டிவிட்டாள்.

“இதையும் பாக்கச் சொல்லுங்க சார்.”