டர்போவுக்குத் தாய்மாமன் என்று பேர்

என் கணவரும் அவருடைய நண்பரும் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோபம்தான்.

இது நடந்தபோது திருப்பூர் ராயபுரத்தில் எங்களுக்குப் பனியனுக்குக் காலர் பின்னும் சிறிய யூனிட் ஒன்று இருந்தது. நண்பர் பெருமாநல்லூர் பக்கம் எலாஸ்டிக் தயாரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்களின் பானெட்டும் திறந்திருக்கும். எங்களுடையது பழைய டீசல் வண்டி. பெரிய எஞ்சின், டர்போ கிடையாது. அவருடையது புதிது. எங்கள் எஞ்சினில் பாதிதான் இருக்கும், ஆனால் காற்றை அழுத்தித் திணித்து இழுவையைக் கூட்டும் டர்போ வைத்தது. எது ஒசத்தி என்று இரண்டு வருடமாகச் சண்டை.

"எஞ்சின் சிறுசுன்னு அடுப்பு ஊதற மாதிரி ஊதி எரிய வெக்கறாங்க மச்சா. இதுக்கு ஒரு பேரு, டர்போ!" என்பார் என் கணவர்.

"உங்குளுது எருமை மச்சா. டீசல் குடிக்கறதுல மட்டும் குறையே வெக்காது."

"எருமையோ என்னமோ, மிதிச்சா உடனே கேக்கும். உன்ர டர்போ தாய்மாமனாட்ட. அவரு வந்து சேர்ற வரைக்கும் முகூர்த்தம் காத்துக் கெடக்கோணும்."

"வந்துட்டாருன்னா? மேளம் என்ன, சீர்த்தட்டு என்ன! மண்டபமே அதிருமல்லோ!"

அன்றிலிருந்து டர்போவுக்குத் தாய்மாமன் என்று பேர் நிலைத்துவிட்டது. என் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பழைய வண்டியில் மட்டும்தான் அவளுக்குக் கை பழகியிருந்தது.

காங்கேயத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் கிளம்பினோம். நண்பருக்கும் அழைப்பு இருந்ததால் அவருடைய காரிலேயே போவது என்று முடிவாயிற்று. அவர் சாவியை மகளிடம் நீட்டினார்.

"பாப்பா ஓட்டட்டும். எருமைய ஓட்டுன கை, இதையும் ஓட்டிப் பாத்துட்டுத் தீர்ப்பச் சொல்லட்டும்."

"வேண்டாமுங்க, மெயின் ரோடு," என்றேன்.

"ஒண்ணும் ஆவாதுங்க தங்கச்சி. நான் பக்கத்துலதான குந்தியிருக்கறேன்."

அவர் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் கணவரும் பின்னால். பாதி வழியில் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே மெதுவாகப் போனாள். நான்காவது கியர். எதிரே சாலை காலியாகத் தெரிந்ததும் வலதுபக்கம் ஏறி, எங்கள் வண்டியில் செய்வதைப்போலவே அழுத்தி மிதித்தாள்.

கார் போகவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா, வரலம்மா... போகமாட்டேங்குது!"

"தாய்மாமன் இன்னும் வரலியாட்ட இருக்குது!" என்று என் கணவர் சிரித்தார். நண்பரும் சிரித்தார். அதற்குள் வளைவிலிருந்து பஸ் ஒன்று வந்துவிட்டது. ஏற்றுமதி ஷிப்மென்ட் இருந்தால் ஞாயிறும் ஆள் ஏற்றி ஓடும் பனியன் கம்பெனி பஸ். நாங்கள் லாரிக்குப் பக்கவாட்டில் பாதியில் நின்றதுபோல இருந்தோம். பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். உள்ளே நின்றிருந்த பெண்கள் கம்பியை எட்டிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. அவர்களின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுகூடத் தெரிந்தது. பஸ் சாலையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கியது. அப்போதுதான் எங்கள் கார் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல எகிறி லாரியைத் தாண்டியது.

எல்லாம் நாலைந்து நொடிதான். திரும்பிப் பார்த்தேன். பஸ் கவிழாமல் நின்றிருந்தது.

மகள் காரை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க அவளால் முடியவில்லை. அந்தக் காருக்குள் முதலில் கேட்ட பேச்சு என் கணவருடையது.

"பாத்தியா மச்சா? நம்ம எருமையா இருந்திருந்தா மிதிச்சதும் போயிருக்கும்."

"கடைசீல காப்பாத்துனது யாரு? டர்போதான மச்சா!"

பயத்தில் மனிதர்கள் எதையாவது உளறுவார்கள் என்று அதற்கு எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் காதுகுத்துப் பந்தியிலும் அதே பேச்சுதான். இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த எஞ்சின் ஜெயித்தது என்று. என் மகள் இலையைத் தொடவில்லை. பஸ்ஸில் இருந்த பெண்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பர் வந்தார். வாசலில் உட்கார்ந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"என்ன கண்ணு, தீர்ப்பு என்னாச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் போய் எதிரே நின்றேன். "அன்னிக்கு வண்டி ஏன் போகலீங்க? ஒருக்கா, சிரிக்காம அவளுக்குச் சொல்லுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு நண்பர் சொன்னார், நன்றாகவே சொன்னார். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டர்போ வேலை செய்யாது. மூன்றாவது கியருக்கு இறக்கி, எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டுத்தான் முந்தவேண்டும். நான்கில் மிதித்தால் காத்திருக்கத்தான் வேண்டும். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "மூணுக்கு இறக்கோணும்னு சாவி குடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க அங்கிள்?"

"ரெண்டு வருசமா அதத்தான கண்ணு சொல்லிட்டு இருந்தோம். தாய்மாமன் லேட்டா வருவாருன்னு."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. சிரிப்பதற்காகச் சொன்னதைச் சிரித்துவிட்டு மறந்தது என் மகளின் தவறாம்.

"ஒண்ணும் ஆவலயே, உடு," என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நான் மகளை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுப்பில் பால் காய்ந்திருந்தது. எங்களுக்கு மட்டும் இரண்டு டம்ளர் காபி கலந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே நண்பரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் எதிரியானாலும் ஒரு வாய் காபி கொடுக்காமல் கதவைச் சாத்தமாட்டார்கள். நான் செய்தேன், அதற்காக இன்றுவரை அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.