விரிசல்காரரின் இடது கை

சிலிண்டர் ஹெட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு மூலையில் தட்டுகிறார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்கிறார். நல்ல உலோகம் மணிபோல இழுத்துப் பாடும். உள்ளே கீறல் விழுந்தது 'டப்' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தொட்டி. தண்ணீர் ஓடும் துளைகளை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீரில் முக்குவார். விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து குமிழி கிளம்பும். ஆனால் குமிழி வருவதற்கு முன்பே அவர் விரல் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் மெக்கானிக்குகள் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கார் இன்ஜினுக்கு மேல்மூடிதான் ஹெட். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூட்டில் வளையும், வெடிக்கும். வெடித்ததை வெல்டிங்கில் பற்றவைத்துத் திரும்பப் பூட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி வரும்போது அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் இவரிடம் வருவார்கள். முதுகுக்குப் பின்னால் 'விரிசல்காரர்', நேரில் 'அண்ணே'. வயது ஐம்பத்தெட்டு. பேச்சு மிகக் குறைவு. தீர்ப்பில் இரண்டே சொல்: "தேறும்." "தேறாது." ஒருமுறை ஒருவன் தன் மாமனாரின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து, "அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, குடும்பத்துல நாலு பேர் காத்துக்கிட்டிருக்கோம்" என்று நீட்டினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹெட்டை மட்டும் கழட்டிக் கொண்டாங்க, சொல்றேன்" என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

தேறாது என்று சொல்லிவிட்டால் அதோடு விடமாட்டார். ரம்பத்தை எடுத்து அதன் பக்கவாட்டுச் சுவரில், உள்ளே தண்ணீர் ஓடும் குழி வரைக்கும், இரண்டு வெட்டு போடுவார். யாரும் பூச்சுப் பூசி விற்றுவிடக் கூடாது என்பதற்காக. "மலையில ஏறும்போது வெடிச்சா உள்ளே இருக்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?" அவர் பேசும் நீளமான வாக்கியம் இதுதான். வெட்டியது பட்டறைக்குப் பின்னால் குவியலுக்குப் போய்விடும்.

அவருக்கு இடது கைப் பழக்கம். பற்றவைப்பை வலமிருந்து இடமாகக் கொண்டுபோவார். அடுக்கி வைத்த காசுகள் சரிந்ததுபோல அது சாய்ந்து படுத்திருக்கும். முடிக்கும் இடத்தில் அரை விரல் பின்னால் வந்து ஒரு சொட்டு வைப்பார், காற்புள்ளி மாதிரி. அப்படி வைக்கிறவர் வேறு யாரும் இல்லை. மெக்கானிக்குகள் அதை 'அண்ணன் கையெழுத்து' என்பார்கள்.

அன்று முற்பகல் ஒரு பெண் சாக்கில் சுற்றிய ஹெட்டை இடுப்பில் குழந்தையைப்போல இடுக்கிக்கொண்டு வந்தாள். சொந்தமாகக் கார் ஓட்டுகிறவள். வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகம் கெட்ட மூன்று பேரை மேட்டுப் பாதையில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், இரத்தச் சுத்திகரிப்பு முடியும்வரை இருந்து கூட்டிவருவது அவள் வேலை.

"புகை வெள்ளையா வருதுண்ணே. ஆயில், பால் ஊத்தின காப்பி மாதிரி ஆயிடுச்சு."

சாக்கைப் பிரித்தார். சுத்தியலை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

பக்கவாட்டுச் சுவரில் இரண்டு வெட்டு. அவருடைய ரம்பம் போடும் அதே இடைவெளி. இரண்டும் மேலிருந்து கீழ்வரை அடைக்கப்பட்டிருந்தன. சரிந்த காசுகள். வலமிருந்து இடம். முடிவில், அரை விரல் பின்னால், ஒரு சொட்டு.

"இதை யாரும்மா பத்தவெச்சது?"

கேலி செய்கிறாரா என்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். "நீங்கதாண்ணே."

"நான் இதைத் தேறாதுன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னீங்க. ஏழு மாசம் முன்னாடி. இதே இடத்துல நின்னு அழுதேன். வேற வாங்க வழியில்லன்னு சொன்னேன். நீங்க ரம்பத்தை எடுத்துட்டீங்க. மனசு கேக்காம மறுநாள் காலைல ஆறு மணிக்கே வந்தேன், மறுபடியும் கேட்டுப் பாக்கலாம்னு. பட்டறை திறந்திருந்துச்சு. இதைத்தான் பத்தவெச்சுக்கிட்டு இருந்தீங்க. கையில குடுத்து, 'தேறிடுச்சு'ன்னீங்க. அவ்வளவுதான்."

"என் முகத்தைப் பாத்தியா?"

"முகமூடியை எடுக்கவே இல்லையே. ஆனா குரல் உங்க குரல்தான்." கொஞ்சம் யோசித்தாள். "சின்ன வயசுக் குரல் மாதிரி இருந்துச்சு. தொண்டை கட்டியிருக்கும்னு நெனச்சேன்."

கடைசல் இயந்திரத்தில் நின்ற அவருடைய மைத்துனர் இயந்திரத்தை அணைத்தார். இருபது வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர். "மாமா," என்றார் மெதுவாக, "பத்தவெக்கிற கேஸ் சிலிண்டர் சீக்கிரம் சீக்கிரமா தீர்ந்துக்கிட்டிருந்துச்சு. எங்கேயோ கசியுதுன்னு நெனச்சு ரெண்டு தடவை ஹோஸ் குழாயை மாத்தினேன்."

விரிசல்காரர் துளைகளை அடைத்து, காற்றை ஏற்றி, ஹெட்டைத் தொட்டியில் இறக்கினார். முதல் தடவையாக எந்த இடத்தையும் விரலால் காட்டவில்லை. மூவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமிழி வந்தது, பற்றவைத்த இடத்திலிருந்து அல்ல. அதற்கு ஒரு சாண் தள்ளி, வால்வு ஓரத்தில், மயிரிழை போன்ற புதுக் கீறல். அடைத்த வெட்டுகள் இரண்டிலும், அன்று அவர் தேறாது என்று சொன்ன பழைய விரிசலிலும் ஒரு குமிழிகூட இல்லை. குனிந்து பார்த்தார். அவரால் முடியாது என்று அவரே கைவிட்ட இடம். அங்கே யாரோ, அவர் கையாலேயே, அவரைவிட நன்றாக வேலை செய்திருந்தார்கள்.

"மறுபடியும் பத்தவெச்சுக் குடுத்துடுங்கண்ணே. அது ஏழு மாசம் ஓடுச்சே. நாளன்னைக்கு அவங்களை ஏத்திக்கிட்டுப் போகணும்."

"ஏழு மாசமும் ஒவ்வொரு நாளும் வெடிச்சிருக்கலாம்மா."

"வெடிக்கலையே."

அவர் ஹெட்டைத் தொட்டியிலிருந்து தூக்கித் தரையில் வைத்தார். பிறகு, "இது வேண்டாம்" என்றார். தேறும், தேறாது என்ற இரண்டில் எதையும் சொல்லவில்லை என்பதை மைத்துனர் கவனித்தார். பின்பக்கம் இடிபட்டு நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய நல்ல ஹெட் ஒன்று அடுத்த தெருக்காரரிடம் இருந்தது. அதைத் தன் பொறுப்பில் வாங்கி, தட்டி, தொட்டியில் போட்டு, மைத்துனரையும் தனியாக ஒருமுறை போடச் சொல்லி, அவள் கையில் கொடுத்தார். அவள் கொண்டுவந்ததை நான்கு துண்டாக அறுத்தார்.

பிறகு பின்னால் போனார். குவியலின் மேல்வரிசை எப்போதும்போலக் கிடந்தது. அதை விலக்கியதும் கீழே ஆறு ஹெட்டுகள், வெட்டு அடைத்து, இன்ஜினில் பொருந்தும் முகத்தை இழைத்து, எண்ணெய் தடவி, தூங்கும் பிள்ளைகள்போல வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் எண்ணெய்த் தடம் மட்டும் தரையில் இருந்தது. அவை எந்தக் காரில், எந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. மைத்துனரும் அவரும் மாலைவரை அறுத்தார்கள். நடுவில் தெருவில் கார் போகும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் ரம்பத்தை நிறுத்தினார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"சில நாள் உங்களுக்கு ரெண்டு தடவை விடியுது. அஞ்சு மணிக்கு எழுந்து போறீங்க. ஆறரைக்கு வந்து படுத்துக்கிறீங்க. ஏழு மணிக்கு எழுந்து, 'டீ போட்டியா'ன்னு புதுசாக் கேக்குறீங்க."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். மாசத்துல ரெண்டு, மூணு."

"ஏண்டி சொல்லலை?"

ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்து, மறுபடியும் பிரித்தாள். "ஒரு நாள் வாசல்ல கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தீங்க. 'இன்னும் வேலை முடியலம்மா'ன்னீங்க. முப்பது வருஷத்துல நீங்க என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்லை. அதுக்கப்புறம் கூப்பிட எனக்குத் தைரியம் வரலை."

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். தூக்கத்தில் நடக்கிறவர்கள் உண்டு, கை பழகிய வேலையைக் கை செய்யும் என்றார் டாக்டர், மாத்திரை எழுதினார். தெருவெல்லாம் சொல்லி அனுப்பினார்கள்: விடியற்காலையில் விரிசல்காரர் கையால் ஹெட் வாங்கியவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் வந்தார். இன்னொருவர் வரவில்லை. பட்டறைச் சாவி மனைவியின் தலையணைக்கு அடியில் போயிற்று. பற்றவைப்பு வேலையை மைத்துனர் எடுத்துக்கொண்டார். "மாமா, என் வேலை கொஞ்சம் கோணலா இருக்கும். ஆனா செய்யும்போது நான் முழிச்சிருப்பேன்" என்றார். இந்த ஒரு தடவை விரிசல்காரர் சிரித்தார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஏழு மணிக்கு எழுந்து, மனைவியின் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். சாவி வைத்த இடத்தில் இருந்தது.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"நல்லாத் தூங்கினேன்."

முகம் கழுவ வாசலுக்கு வந்தார். மழை பெய்திருக்கவில்லை, தெரு காய்ந்து கிடந்தது. படியில் அவருடைய செருப்புகள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. வாரில் புல்லின் தாள் ஒட்டியிருந்தது. பட்டறைக்குப் போகும் குறுக்குப் பாதையில்தான் பனி தங்கும் அளவுக்குப் புல் உண்டு.

உள்ளே டம்ளர் சத்தம் வாசலை நோக்கி வந்தது. அவர் சட்டென்று குனிந்து, சட்டை நுனியால் ஒரு செருப்பையும் பிறகு மற்றதையும் அழுத்தித் துடைத்து, ஈரம் தெரியாதபடி, சுவரோரம் சேர்த்து வைத்தார்.