வடக்குப்பட்டில் மூன்று நாற்காலிகள்

ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோயிலுக்கு வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. ஒரகடத்தில் எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று கேட்கிறவர்களும் உண்டு, என்னவோ நான்தான் ஆளெடுப்பது போல. போன வாரம் ஒரு வாசகர் புதிதாக ஒன்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்துச் சின்னச் சபைகளில் மூப்பர்கள் என்று இருக்கிறார்களே, அவர்களுக்கு என்னதான் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாமா என்று. தாராளமாகப் பார்க்கலாம். வழி சொல்வதற்கு முன் 1991 பிப்ரவரியில் நான் போன பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார். என் லூர்து அக்கா வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டபின் மாமாவோடு அவர்கள் சபைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே போதகர் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து வருவார். மற்ற நாள்களில் ஆராதனை நடத்துவது, சண்டையை விலக்குவது, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது எல்லாம் மூப்பர்கள் பொறுப்பு. என் மாமா சாலமோன் அந்த மூப்பர்களில் ஒருவர்.

அந்த மாமாவுக்கு வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை காலை சென்னைப் பெரியாஸ்பத்திரியில் சேரவேண்டும். அந்தப் படுக்கையை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது, கட்டி அதுவரை பொறுக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமையே வந்து துணைக்கு இரு, வரும்போது ஒலிவ எண்ணெய் ஒரு டின் வாங்கி வா என்று அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்போது அது மருந்துக் கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆறு மாதம் என்றேன்.

பாரிமுனையில் காலை ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரம் பஸ். ஸ்ரீபெரும்புதூருக்கு நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். டிக்கெட் நாலரை ரூபாய் என்று ஞாபகம். ஊர் அமைதியாகத்தான் இருந்தது. அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அதன் பெயரை நாடே சொன்னது, நான் போனது அதற்கு முன்னால். அங்கிருந்து ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு இன்னொரு பஸ். இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் அந்த இடத்தில் அன்று ஒரு டீக்கடையும் இரண்டு புளியமரமும் இருந்தன. மிச்ச தூரம் ஏரிக்கரையோரமாக நடை. பன்னிரண்டரைக்கு வியர்க்க விறுவிறுக்க அக்கா வீடு போய்ச் சேர்ந்தேன்.

மாமா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என் கையிலிருந்த டின்னைப் பார்த்து, “எண்ணெ வந்துச்சு மச்சான். ஆளுதான் இல்ல. எண்ணெ பூசாம நான் ஆஸ்பத்திரிக்கு வர்லே” என்றார்.

அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம். மூப்பர் தனியாக நோயாளி வீட்டுப் படி ஏறக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்துதான் போகவேண்டும், இரண்டு பக்கமும் நின்று தலையில் கை வைக்கவேண்டும். ஒருவர் மட்டும் போய் நோயாளி பிழைத்துவிட்டால், என் கையால்தான் பிழைத்தான் என்று நாளைக்கு அவர் பேசுவார் இல்லையா? அதற்காகத்தான். நல்ல யோசனையாகவே எனக்குப் பட்டது. சிக்கல் என்னவென்றால், இருந்த மூப்பர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆசீர் வாத்தியார். இன்னொருவர் கட்டிலில் கிடந்தார்.

முன்பு மூன்று பேர் இருந்தார்கள். சபையின் முன்பக்கம் ஜனங்களைப் பார்த்தபடி மூன்று நாற்காலிகள். மூன்றாவது நாற்காலி பிள்ளைப்பாக்கத்து எபிநேசருடையது. விவசாயி, ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வருகிறவர். முந்தைய வருடம் அவர் மகன், ஷிப்ட் வேலைக்குப் போகிற பையன், கோமதி என்ற இந்துப் பெண்ணுக்கு அவர்கள் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். மூப்பராக இருப்பவன் தன் வீட்டை நன்றாக நடத்துகிறவனாகவும் பிள்ளைகளைக் கீழ்ப்படியப் பண்ணுகிறவனாகவும் இருக்கவேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சபை நடுவில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தது வேறு யாருமில்லை, எங்கள் மாமாதான். அடுத்த ஞாயிறு நாற்காலி இரண்டாகிவிட்டது.

“வேற ஒருத்தர மூப்பரா ஆக்கிக்கலாமே மாமா?” என்றேன்.

“போதகர் வரணும், சபை கூடணும். திங்கக்கெழமைக்குள்ள ஆவுமா?” என்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே சொன்னார்: “அது கூட இல்ல மச்சான். எனக்கு எபிநேசர் கை வேணும். அவ்ளோதான்.”

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இது என்ன பிடிவாதம்? எங்கள் சாமியாரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்கக்கூட வாய் வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, மாமாவின் சைக்கிளை எடுத்தேன். பிள்ளைப்பாக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். சீட்டில் ஸ்பிரிங் ஒன்று இல்லை. அதன் விளைவுகளை இங்கே விவரிக்கப்போவதில்லை.

எபிநேசர் வைக்கோல் போரடியில் நின்றிருந்தார். நெடிய மனிதர். நான் யாரென்று சொல்லி, வந்த காரியத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“நான் மூப்பன் இல்ல தம்பி. நாற்காலிய எடுத்துட்டாங்கோ. எடுத்தவரு இப்ப ஆள் வுட்டுக் கூப்புட்றாரா?”

“ஐயா, அவருக்கு ரொம்ப முடியல. நீங்க வராம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார்.”

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நெற்றியில் பொட்டு, இருபது வயதுகூட இருக்காது. கோமதி என்று புரிந்தது. என்னிடம் சொம்பைக் கொடுத்துவிட்டு மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்: “நோவுல கீறவரு கூப்புட்றாரு, போய்ட்டு வாங்க மாமா. என்னாலதான நாற்காலி போச்சு? வோணும்னா நானும் வந்து நிக்கறேன். இன்னா திட்றதுன்னாலும் என்ன திட்டட்டும்.”

எபிநேசர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “நான் வந்தா எம் மருமவளும் வருவா. வாசல்ல நிக்க மாட்டா, வூட்டுக்குள்ள வருவா. சம்மதமான்னு கேட்டுக்கினு வா தம்பி” என்றார்.

இருட்டும் நேரத்தில் திரும்பிவந்து சொன்னேன். மாமா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். காலையில் அக்கா கஞ்சி கொண்டுபோனபோது, “வரச் சொல்லு” என்றார். மறுபடியும் அதே சைக்கிள், அதே சீட்.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆசீர் வாத்தியார் முன்னாலேயே வந்து, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோமதி படியில் தயங்கினாள். அக்கா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். எபிநேசர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் மாமா எழ முயன்றார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

“எபிநேசர், அன்னிக்குப் படிச்சது நான்தான். படிச்சதுல ஒரு எழுத்தும் தப்பில்ல. ஒனக்காக அழாம படிச்சேன் பாரு, அது தப்பு. சபைக்கு மூப்பனா இருந்தேன், ஒனக்கு ஒண்ணுமே இல்லாம பூட்டேன். என்ன மன்னிச்சுடு.”

எபிநேசர் சட்டென்று தரையில் உட்கார்ந்து மாமாவின் தோளைக் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் சத்தமாக அழுதார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்? ஆசீர் வாத்தியார் தான் மட்டும் உயரத்தில் இருப்பதை அப்போதுதான் கவனித்தார் போல. நாற்காலியை விட்டு இறங்கி அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டின்னின் மூடி திறக்க வரவில்லை. கோமதிதான் புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகித் திறந்தாள். கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு மூப்பர்களுக்கும் நடுவே ஏந்திக்கொண்டு நின்றாள். அவர்கள் எண்ணெயை விரலால் தொட்டு மாமாவின் நெற்றியில் பூசித் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். முடிந்ததும் கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது. என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீணாக்க மனமில்லாமல் கீழே உட்கார்ந்து, வெடித்துக் கிடந்த மாமாவின் குதிகாலில் தேய்த்துவிட்டாள், தன் வீட்டுப் பெரியவருக்குச் செய்வதுபோல. மாமா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மாமா ஏறினார். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் எபிநேசர். கட்டியை எடுத்தார்கள். அதன்பிறகு பல வருடம் வாழ்ந்தார், என்னைப் பல வருடம் கிண்டலும் செய்தார்.

அன்று முதல் வேதத்தில் மூப்பர்கள் வருகிற இடங்களை எல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். வனாந்தரத்தில் மோசேயால் ஜனங்களைத் தனியாகச் சுமக்க முடியாமல் போனபோது எழுபது மூப்பர்கள் சேர்க்கப்படுகிறார்கள், பாரத்தில் பங்கெடுக்க. கடைசியில் பரலோகக் காட்சியில் இருபத்துநான்கு மூப்பர்கள். அவர்களுக்குச் சிங்காசனம் உண்டு, பொற்கிரீடமும் உண்டு. ஆனால் அவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதாக எங்கேயும் காணோம். திரும்பத் திரும்ப இறங்கி விழுந்து வணங்குகிறார்கள், கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கிய மாமாதான் தெரிகிறார்.

இனி வழி. தாம்பரத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஒரகடம் வழியாக நிறைய பஸ் போகிறது. கூட்டு ரோட்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ. பிற்பகல் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும். ஆராதனை ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்குள் போனால் பாயில் இடம் கிடைக்கும். செருப்பை வெளியே விடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

உள்ளே போய் மூப்பர்கள் எங்கே என்று முன்பக்கம் பார்க்காதீர்கள். மாமா உடம்பு தேறி வந்த மாதமே நாற்காலிகளை எடுத்துப் பால்வாடிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூப்பர்கள் இப்போது ஜனங்களோடு பாயில்தான். யாருக்காவது முடியாமல் போன நாளில் நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால், தெருவில் அவர்கள் இருவராகப் போவதைப் பார்ப்பீர்கள். கூடவே தலை நரைத்த ஒரு பெண் போவாள், நெற்றியில் பொட்டு, கையில் எண்ணெய்க் கிண்ணம். அவள் இன்றுவரை அந்தச் சபையில் சேரவில்லை. அவள் வராமல் அவர்கள் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை.