மருந்து படாத செல்கள்

ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணி என்று பெயர். புதிய ரசாயனங்கள் மனித ரத்தச் செல்களின் குரோமோசோம்களை உடைக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. பட்டம் வைத்த புண்ணியவான் ஆய்வக வண்டியின் ஓட்டுநர். அதற்குப் பிறகு அவள் அவனுக்குக் கேன்டீனில் ஓசி டீ வாங்கித் தந்ததில்லை.

ஒரு சோதனைக்கு ஆரோக்கியமான ஆளின் ரத்தம் தேவைப்பட்டது. தங்கையைக் கூட்டி வந்தாள்.

"ஏன்க்கா, என் ரத்தத்தை உறிஞ்சத்தான் உனக்குச் சம்பளமா?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள் தங்கை. படிவம் நிரப்பிய மேலாளர் என்ன வேலை என்று கேட்டதற்கு, ஒரு பட்டறையில் பை தைப்பதாகச் சொன்னாள்.

ரத்தத்தைப் பல குப்பிகளில் வளர்த்தார்கள். ஒன்றில் மட்டும் ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை. மற்றவற்றை அதோடுதான் ஒப்பிட வேண்டும். பார்க்கிறவருக்கு எது எது என்று தெரியக் கூடாது என்பதால் கண்ணாடித் தகடுகளில் வெறும் குறியீடுகள்.

ஒரு தகட்டில் அவள் கண் நிலைகுத்தி நின்றது. குரோமோசோம்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. சில வளையமாகச் சுருண்டிருந்தன. ரசாயனம் அதிகம் சேர்த்த குப்பி போலிருக்கிறது என்று நினைத்தாள்.

குறியீட்டைப் பிரித்த மேலாளரின் முகம் மாறியது. "இது மருந்தே படாத குப்பிம்மா."

அப்படியானால் உடைசல் தங்கையின் ரத்தத்திலேயே இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துச் செய்தார்கள். அதே சிதறல்.

இரண்டாவது முடிவு வந்த சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனாள். "உண்மையைச் சொல்லு. அங்க என்ன வேலை பாக்கற?"

"முன்னாடி தையல்தான். இப்பப் பசை மேசைக்கு மாத்திட்டாங்க. கொஞ்சம் தலை சுத்தும், அவ்வளவுதான். ஏன், எனக்கு என்ன வியாதி?"

"வியாதின்னு சொல்ல முடியாது. ஏதோ ஒண்ணு உன் செல்லை உடைக்குது. நாளைலேருந்து அங்க போகாத."

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "பக்கத்துல உக்கார்றவ மாசமா இருக்காக்கா."

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். தாழ்வான அறை. வாசலிலேயே மூக்கு எரிந்தது. பசை டப்பாக்களில் லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது.

"ஊரெல்லாம் இதே பசைதாங்க," என்றார் முதலாளி. "உங்க தங்கச்சிக்கு உடம்புக்கு ஒத்துக்கலேன்னா நின்னுக்கட்டும்."

கர்ப்பிணியைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். அவள் வயிற்றில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டாள். "பிரசவம் வரைக்கும் சமாளிச்சுடறேன்க்கா," என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

தங்கை பட்டறையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த துணியில் பசை ஒட்டியிருந்தது. அதை வேறொருவர் ரத்தத்தில் சோதித்தார்கள். பசை கூடக் கூட உடைசலும் கூடியது. மேலாளர் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். அதிகாரிகள் போய்ச் சேர்ந்தபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. உள்ளே மேசைகள்கூட இல்லை.

வேலையை விட்ட சில மாதங்களில் தங்கையின் செல்களில் உடைசல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அந்தக் கர்ப்பிணிதான் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவே இல்லை.

ஒருநாள் அவளே தங்கையைக் கூப்பிட்டாள். பின்னால் மின்விசிறிகள் இரைந்தன.

"எங்கடி இருக்க? குழந்தை?"

"பொறந்துட்டான். இங்கதான், பசை மேசைக்குப் பக்கத்துல தூங்கறான். புது இடம் நல்லாத்தான் இருக்கு. ஜன்னல்தான் இல்ல."

"எந்தத் தெரு? சொல்லு!"

யாரோ அதட்டுவது கேட்டது. இணைப்பு அறுந்தது.