வெள்ளிக்கிழமைச் சலுகை

அறுபத்தோராயிரத்து நானூறு. ஜூலை மாதத்து அந்தப் புதன்கிழமை கமலாட்சியின் பெயரில் சேர்ந்திருந்த பாயின்ட்டுகள் அவ்வளவு. போர்ட் பிளேரில் அரசு அலுவலக எழுத்தர், வயது நாற்பத்தொன்பது, வீடு மின்னி பே பகுதியில். அலுவலகத்தில் யார் மெயின்லேண்ட் போனாலும் டிக்கெட் போடுவது அவள்தான். வங்காளி மேலாளர்கூட "பாயின்ட் மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே டிக்கெட்டில் மூன்று பக்கமும் பலன் பார்க்கத் தெரிந்தவள். பணம் கட்டும் கார்டுக்குப் பாயின்ட், எந்த வலைத்தளத்தின் வழியாக வாங்குகிறோமோ அங்கே ஒரு கூப்பன், விமான கம்பெனியின் உறுப்பினர் எண்ணுக்கு மைல். மூன்றும் ஒன்றாக விழ நாள் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல அவள் பார்ப்பாள். மகள் ஸ்வேதா கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்தபோது குடும்பமே அந்தப் பாயின்ட்டில்தான் பறந்தது.

கணவர் ஜெயராமன் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குப் போகும் அரசுப் படகில் சுக்கான் பிடிப்பவர். இரண்டு நாளாக வலது கண்ணில் கொசு பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்றார். புதன்கிழமை கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "விழித்திரையில் சின்னக் கிழிசல் இருக்கலாம். சென்னையில் காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை விமானத்தில் இடம் இருந்தது. ஆனால் டிக்கெட் வலைத்தளம் மூன்று மடங்கு பாயின்ட் தரும் சலுகை வெள்ளிக்கிழமைதான் திறக்கிறது. வெள்ளிக்கிழமை வாங்கினால் சனிக்கிழமை பறக்கலாம். டாக்டர்கள் எதற்கும் உடனே என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு சீட் இல்லைங்க. சனிக்கிழமைதான்."

"டீக் ஹை. சனிக்கிழமை என்ன ஓடியா போகுது?" என்றார் ஜெயராமன்.

வெள்ளிக்கிழமை மதியம் டிக்கெட் போட்டாள். கார்டு, கூப்பன், மைல் என்று போனில் மூன்று செய்திகள் வரிசையாக வந்தன. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயராமன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கமலா, இந்தக் கண்ணுல கீழேருந்து கறுப்பா ஏறுது. படகுத்துறையில தண்ணி ஏறற மாதிரி."

அவள் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "கிழிசல் பிரிய ஆரம்பித்துவிட்டது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். நிழல் நடுவுக்கு வருவதற்குள் ஆபரேஷன் ஆக வேண்டும். வந்துவிட்டால் பழைய பார்வை திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது" என்றார். ஒரு கண் போனவனிடம் எந்தத் துறையும் சுக்கானைக் கொடுக்காது. ஜெயராமனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே மழை வெள்ளையாக நின்றது. சென்னையிலிருந்து வந்த விமானம் இறங்க முடியாமல் மேலே சுற்றுகிறது என்று அறிவித்தார்கள். பக்கத்து நாற்காலியில் வட அந்தமான் திக்லிபூரிலிருந்து வந்த பாக்கு வியாபாரி தம்பையா, இரண்டாவது நாளாகக் காத்திருப்பவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நேத்தும் இதே கதைதாம்மா. தலைக்கு மேல சுத்திச்சு. அப்புறம் வாபஸ், நேரா மெட்ராஸ். என் பாக்கு கப்பல்ல போயிருச்சு, நான் இங்கயே."

கமலாட்சி அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். இந்த விமானமும் திரும்பிவிட்டால் நாளைதான். ஜெயராமன் மூன்று நாற்காலிகளில் நீட்டிப் படுத்திருந்தார். அவள் குனிந்து அவருடைய இடது கண்ணைக் கையால் மூடினாள்.

"என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

"முழுசா?"

"மோவாய் இல்லை. மூக்குத்தி வரைக்கும் இருக்கு. வாய் தெரியலை, அதுவரைக்கும் நிம்மதி."

அவள் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி மூடிப் பார்த்தாள்.

"இப்ப?"

"அரே, சும்மா இரு கமலா. பார்க்கப் பார்க்கப் பயமா இருக்கு." அதுவரை அவர் பயம் என்ற சொல்லைச் சொன்னதில்லை.

வெளியே பெரிய இரைச்சல் கேட்டது. விமானம் ஓடுபாதையில் நீரை விசிறிக்கொண்டு ஓடியது. தம்பையா, "ஆ கயா, வந்துருச்சு" என்று பையைத் தூக்கினார்.

சென்னை வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இருக்கையைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்துவிட்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மூக்குத்தியும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. வியாழக்கிழமையே பறந்திருந்தால் இந்நேரம் கண்ணில் கட்டுப் போட்டு முடிந்திருக்கும். அந்த எண்ணம் வந்துகொண்டே இருந்தது.

மருத்துவமனையில் கார்த்திகா என்ற இளம் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். போர்ட் பிளேர் டாக்டரின் சீட்டைத் திருப்பினார்.

"புதன்கிழமையே போகச் சொல்லியிருக்காரே. அன்னைக்கு வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும். ஏன் லேட்?"

"டிக்கெட் கிடைக்கலை டாக்டர்" என்றார் ஜெயராமன். "எங்க ஊர்ல அப்படித்தான்."

கமலாட்சி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுது" என்றாள். "வியாழக்கிழமை சீட் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை போட்டா பாயின்ட் கூட வரும்னு நான்தான் போடலை."

டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார். ஜெயராமன் அவளைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். அவள் அவருடைய வலது பக்கம், அந்தக் கண் பக்கம், உட்கார்ந்திருந்ததால் நன்றாகவே திருப்ப வேண்டியிருந்தது.

"எவ்வளவு கூட?" என்று கேட்டார்.

அவள் போனைப் பைக்குள் தள்ளினாள்.

"நிழல் நடுவை இன்னும் தொடலை. ஆனா விளிம்புல நிக்குது" என்றார் டாக்டர். "பார்வை எவ்வளவு மிஞ்சும்னு இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது. விழித்திரை ஒட்டறதுக்காகக் கண்ணுக்குள்ள வாயு அடைப்போம். அது கரையற வரைக்கும் விமானம் ஏறவே கூடாது. மேல போனா வாயு விரியும், கண்ணே போயிடும்."

ஆபரேஷன் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. வாயு கரைய வாரக்கணக்காகும் என்பதால் ஜெயராமன் கப்பலில்தான் ஊர் திரும்புவார்.