கண்மாய்க் கரையில் முன்னால் போனவன்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். இதையே வேறு எவனாவது வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். காரைக்குடியில் பதினெட்டு வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான். மோட்டார் தானாக ஓடுது, தானாக நிக்குது, யாரோ செய்வினை வச்சுட்டாக என்று தோட்டத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே எலி கடித்த ஒயர் இருக்கும், இல்லாவிட்டால் ஓணான் கருகிக் கிடக்கும். எதற்கும் காரணம் உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். இந்த ஒரு விஷயம் மட்டும் பிரிபட மாட்டேன் என்கிறது.

பழனிக்கு நடந்ததுகூட பக்தியில் இல்லை, செல்வத்துக்காக. செல்வம் தேவகோட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் மகள் மூளைக்காய்ச்சலில் பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை எழுந்துவிட்டால் மூன்று தைப்பூசத்துக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை எழுந்துவிட்டது. "நீயும் அழகுவும் கூட வந்தா நடந்துருவேன்டா, தனியான்னா பாதியில உக்காந்துருவேன்" என்றான். அழகு எங்களோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், செட்டியார் வீட்டுப் பிள்ளை, மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்கள், அதனால் அவனுக்கு இது பழக்கம். மூன்று பேரும் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, வெறுங்காலோடு கிளம்பினோம்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. நடந்தது இரண்டாவது வருடம்.

குன்றக்குடி தாண்டி, திருப்பத்தூரில் ஒரு மண்டபத்தில் தங்கிவிட்டு, விடிகிற நேரத்தில் சிங்கம்புணரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு இறங்கிய பனி மாதிரி நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியாது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. என் வலது பாதத்தில் கொப்புளம் வெடித்து, ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போனது. அந்த எரிச்சலில்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ரோடு அந்த இடத்தில் வளைந்து போகும், குறுக்கே ஒரு கண்மாய், கண்மாய்க் கரைமேல் ஏறிவிட்டால் மூன்று கிலோமீட்டர் மிச்சம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் மாட்டப் பலதடவை போயிருக்கிறேன்.

அழகுவுக்கு இஷ்டமில்லை. "கூட்டத்தோட ரோட்டுல போறதுதான்டா முறை" என்றான்.

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட அந்தக் கரையில நான் போவேன். வாங்கடா" என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

கரை ஏறும்போது நான்தான் முன்னால். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு நின்றது, ஆள் ஒருவர் போகிற அகலத்துக்குத்தான் தடம். கொஞ்ச தூரத்தில் கால் தாங்கவில்லை. ஒதுங்கி நின்று, "நேரா போங்க, கரையை விட்டு இறங்காதீக" என்று சொல்லி அவர்களை முன்னால் விட்டேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். செல்வத்தின் தோள்பை என் மார்பில் உரசியது. அதன்பிறகு நான் பின்னாலேயேதான் நொண்டிக்கொண்டு வந்தேன். முன்னால் அவர்களுடைய டார்ச் வெளிச்சம் மட்டும் இரண்டு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

செல்வம் "வேல் வேல்" என்பான், அழகு "வெற்றிவேல்" என்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததால் வாயே திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து "வெற்றிவேல்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் அது உறைக்கவில்லை. பிறகுதான், இவர்கள் இரண்டு பேருமே பதில் சொன்னால் "வேல் வேல்" சொல்வது யார் என்று தோன்றியது. முன்னால் வேறு யாத்திரைக்காரர்கள் போகிறார்கள்போல, பனியில் அவர்கள் குரல் எனக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு மஞ்சள் புள்ளியும் வலதுபக்கம் திரும்பிக் கரையை விட்டுச் சரசரவென்று கீழே இறங்கின.

"டேய், அங்குட்டு எங்கடா போறீக? நேரா போகணும்டா!" என்று கத்தினேன். நிற்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. முள்ளில் வேட்டி கிழிய நானும் இறங்கினேன். வயல் சேற்றில் விழுந்து எழுந்து, அவர்களைத் திட்டிக்கொண்டே போனால், கால் மணி நேரத்தில் தார்ரோடு. பாலத்துக் கட்டையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் கேட்டான். "ஏன்டா, முன்னாடி போயிட்டு எப்படிடா பின்னால வர்ற?"

"யாரு முன்னாடி போனா?"

"நீதான். கரையில நின்ன, பத்து எட்டுல எங்களைத் தாண்டி விறுவிறுன்னு போயிட்ட. அப்புறம் நீதான வேல் வேல்ன்னு சொல்லிக்கிட்டே போன? நீதான இந்தப் பக்கம் இறங்குங்கடான்னு கையக் காட்டுன?"

அந்தத் தடத்தில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் தாண்டவே முடியாது. விளையாடுகிறான் என்று நினைத்து அழகுவைப் பார்த்தேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "முன்னாடி போனப்ப நீ நொண்டலடா" என்றான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தினார். எங்கள் மேலெல்லாம் சேறு. "கண்மாய்க் கரை வழியாவா வந்தீக?" என்றார். ஆமாம் என்றோம். "அடப்பாவிகளா, ஐப்பசி மழையில மடையோட கரையே பிச்சுக்கிட்டுப் போயிருச்சே! தென்னமரம் ஆழம் பள்ளம், நிறையத் தண்ணி கெடக்கு. மேல முள்ளு சாஞ்சு மூடியிருக்கு, பகல்லயே தெரியாது. போன வாரம் ரெண்டு மாடு விழுந்து செத்துச்சு."

செல்வம் அந்த இடத்திலேயே ரோட்டில் விழுந்து கும்பிட்டான். நான் கும்பிடவில்லை. பனி விலகியதும் நொண்டிக்கொண்டே திரும்பப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பிரித்துப் பார்க்கவேண்டும். அவர்கள் இறங்கிய இடத்தில் முள் ஒடிந்திருந்தது. அங்கிருந்து நேராக எண்ணிக்கொண்டு நடந்தேன். பதினான்காவது எட்டில் கரை இல்லை. முள்ளை விலக்கினால் கீழே கறுப்பாகத் தண்ணீர். நேரா போங்க, இறங்காதீக என்று அவர்களை அனுப்பியது நான்.

வழியெல்லாம் நான் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாரும் பச்சை வேட்டி, எல்லாரும் மாலை, பனியில் யாரோ உள்ளூர் யாத்திரைக்காரர் போயிருப்பார், வழி தெரிந்தவர் இறங்கியிருப்பார், நீங்கள் அவரை நான் என்று நினைத்துக்கொண்டீர்கள் என்றேன். நல்ல விளக்கம்தானே? எனக்கே திருப்தியாகத்தான் இருந்தது. நத்தத்தில் அழகு என் கையைப் பிடித்து நிறுத்தினான். "டே பொடிமட்டை, இப்படி இறங்குடான்னு முன்னாடி போனவன் என்னைக் கூப்பிட்டான்டா. அந்தப் பேரு உள்ளூர் யாத்திரைக்காரருக்கு எப்படிடா தெரியும்?"

பொடிமட்டை என்பது நான்காம் வகுப்பில் நான் அவனுக்கு வைத்த பெயர். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

இருந்தாலும், பயத்தில் மனசு எதையாவது கேட்கும் என்று அதையும் ஒதுக்கிவைத்தேன். தூக்கமெல்லாம் கெடவில்லை. ஒரு வருடம் நன்றாகக் கடையைப் பார்த்தேன். வேண்டுதலில் ஒரு வருடம் பாக்கி இருந்ததால் போன தைப்பூசத்துக்கு மறுபடியும் மூன்று பேரும் நடந்தோம், ரோட்டு வழியாகவே. பனி இல்லை, பளீரென்று வெயில்.

சிங்கம்புணரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. நாங்கள் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் மூன்று டம்ளரை எடுத்து வைத்தார். என்னைப் பார்த்துவிட்டு, "ரெட்டைப்பிள்ளையா நீங்க?" என்றார்.

"ஏன் கேக்குறீக?"

"உங்க அண்ணனோ தம்பியோ, அச்சு அசல் இதே முகம், இப்பத்தான் முன்னாடி போறாக. பின்னால மூணு பேரு வாராக, டீ போட்டு வைங்க, ஒரு டீக்கு மட்டும் சீனி வேணாம்னு சொல்லிட்டுப் போனாக."

நான் சிரித்தேன். "எங்க மூணு பேருக்குமே சீனி வேணும்ங்க" என்றேன்.

செல்வம் சிரிக்கவில்லை. சீனி போடாத டம்ளரை எடுத்துக்கொண்டான்.

"நாலு மாசமா சுகர்டா" என்றான். "வேன் வேலை போயிருமோன்னு வீட்டுலகூடச் சொல்லல."